.22 போட்டிப் பிஸ்டல் மேகசின்: ஒரிஜினலா, மாற்றா, பழையதா?

25 மீட்டர் பிரிவில் சுடுகிறவர்கள் பிஸ்டலுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்வார்கள். கிரிப்பை உள்ளங்கைக்கு ஏற்றபடி அரம் போட்டுக்கொள்வார்கள், டிரிகர் எடையைக் கிராம் கணக்கில் பார்ப்பார்கள். தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் மேகசின் என்று வந்தால் மட்டும் பெட்டியோடு வந்த இரண்டே போதும் என்று விட்டுவிடுவார்கள். அதில் ஒன்று மக்கர் பண்ணிய பிறகுதான் மூன்றாவதைத் தேடி அலைவது. கிடைப்பவை மூன்று வகை: பிஸ்டல் கம்பெனியே செய்யும் ஒரிஜினல், அதே அளவில் வேறு யாரோ செய்து விற்கும் மாற்று, கைமாறி வந்த பழையது. நீலகிரிக் குளிரிலும் ஈரத்திலும் இந்த மூன்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் இங்கே பேச்சு. முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். வாங்கினால் ஒரிஜினல் வாங்குங்கள், இரண்டுக்குப் பதில் நான்காக வாங்குங்கள். ஆனால் ஒரிஜினலே ஆனாலும் உறையைப் பிரித்த கையோடு போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எதற்கு இவ்வளவு கவனம் என்றால், நேரம். 25 மீட்டர் போட்டிகளில் ஒன்றான ரேபிட் ஃபயரில் ஐந்து இலக்கு, ஐந்து தோட்டா, கடைசித் தொடர்களில் 4 விநாடி. இன்னொரு போட்டியான ஸ்டாண்டர்ட் பிஸ்டலில் ஐந்து தோட்டாவுக்கு 10 விநாடி வரை இறங்கும். இதற்கு நடுவே ஒரு தோட்டா சாய்ந்து நின்றால் தொடர் போச்சு. சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியில் தடங்கல் இரண்டு வகை. தோட்டா வெடிக்கவில்லை, காலிக் கூடு வெளியே வரவில்லை போன்றவை அனுமதிக்கப்பட்ட தடங்கல். அதற்கு மறுபடி சுட வாய்ப்பு உண்டு, ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. மேகசினைச் சரியாகச் செருகாமல் விட்டதோ, சுடும்போது அது கழன்று விழுந்ததோ, பிஸ்டலின் பழுதால் நடந்தது என்று தெரிந்தாலொழிய, சுடுபவர் தலையில்தான் விடியும். சுடாமல் விட்ட தோட்டா ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம். தடங்கல் வந்தவுடன் கையை உயர்த்தாமல் போல்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உலோகத் துண்டு) தொட்டுவிட்டாலும் அதே கதி.

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. நல்ல தோட்டாதான், ஆனால் மேகசினுக்காகப் பிறந்தது இல்லை. அடியில் ரிம், அதாவது விளிம்பு, துருத்திக்கொண்டிருக்கும்: கூட்டின் விட்டம் ஏறக்குறைய 5.7 மி.மீ., ரிம் ஏறக்குறைய 7 மி.மீ. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் தோட்டாவின் ரிம் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருந்தாக வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து நகரப் பார்க்கும். இதுதான் ரிம் லாக். அடுத்த வில்லங்கம் மெழுகு. இந்தத் தோட்டாவில் ஈயக் குண்டுக்கு வெளியேதான் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். அது மேகசினில் ஒட்டும், சுடும்போது தோட்டா அமரும் சேம்பரின் வாயில் ஒட்டும், புகைக்கரியோடு சேர்ந்து பசையாகும். குளிரில் இறுகும்.

பிஸ்டலின் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். வால்தர் ஜி.எஸ்.பி., எஸ்.எஸ்.பி., பர்தினி எஸ்.பி. போன்றவற்றில் மேகசின் டிரிகருக்கு முன்னால் ஏறும். சேம்பருக்குப் போகும் வழி குட்டை, மேகசினும் சின்னது. ஹாமர்லி 208எஸ், ஸ்மித் அண்ட் வெஸன் 41, ரூகர் மார்க் வரிசை ஆகியவற்றில் கைப்பிடிக்குள் ஏறும். ஸ்மித் அண்ட் வெஸனும் ரூகரின் பிந்தைய மாடல்களும் பத்துத் தோட்டா கொள்ளும். போட்டியில் ஐந்துக்கு மேல் போடக் கூடாது. ஆக, பத்துத் தோட்டா மேகசினில் நாம் எப்போதும் ஸ்பிரிங்கின் தளர்ந்த பாதியைத்தான் பயன்படுத்துகிறோம். பத்தும் நிரப்பிச் சுட்டுப் பார்த்து முதல் ஐந்து ஜம்மென்று ஓடியது என்று திருப்திப்பட்டால் பிரயோஜனம் இல்லை. போட்டியில் நாம் சுடுவது அந்தக் கடைசி ஐந்தின் நிலையில். இந்த வகை மேகசினைச் சோதிக்கும்போதும் ஐந்து ஐந்தாகவே நிரப்புங்கள்.

மூன்று வகையும் எப்படி

ஒரிஜினலின் பலம் லிப்ஸில் இருக்கிறது. மேல் வாயில் தோட்டாவைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு வளைந்த தகடுகளைச் சொல்கிறேன். போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளும்போது, மூக்கு சேம்பருக்குள் நுழையும் வரை லிப்ஸ் பின்பகுதியை விடக் கூடாது. நுழைந்த பிறகு பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. அந்த விடும் இடம் எங்கே என்பதுதான் மேகசினின் மொத்த சூட்சுமம். ஒரிஜினல் நான்கு வாங்கினால் நான்கிலும் இது ஒரே இடத்தில் இருக்கும், அல்லது கிட்டத்தட்ட ஒரே இடத்தில். ஸ்பிரிங்கின் விசையும் அந்தப் பிஸ்டலின் போல்ட் வேகத்துக்கு என்று கணக்குப் போட்டு வைத்தது. குறை இல்லாமல் இல்லை. விலை கையைக் கடிக்கும், உரிமம் உள்ள வணிகர் வழியாக வரவழைக்கும்போது காத்திருக்கவும் வேண்டும். உள் ஓரங்களில் தகடு வெட்டிய பிசிறு சில சமயம் அப்படியே நிற்கும்.

மாற்று மேகசின், பெயர் வேண்டாம், பார்க்க அச்சு அசலாக ஒரிஜினல் மாதிரியே இருக்கும். விலை குறைவு. செருகிப் பார்த்தால் மேகசினைப் பிடித்து நிறுத்தும் கேட்ச் மாட்டும், குலுக்கினால் ஆடாது. அளவெடுக்கும் வெர்னியரை வைத்தால்தான் சாயம் வெளுக்கும். ஒரே கட்டில் வந்த இரண்டுக்கு நடுவே லிப்ஸ் இடைவெளி மாறும். இடது லிப் ஓர் உயரம், வலது லிப் ஓர் உயரம். ஸ்பிரிங் பெரும்பாலும் தேவைக்கு மேல் முரடு. முரட்டு ஸ்பிரிங் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். போட்டிக்குப் பயன்படும் வேகம் மட்டான ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவில் போல்டைப் பின்னால் தள்ளும் விசையே அளவானது. திரும்பி வரும் போல்ட் மேல் தோட்டாவை உருவி எடுக்க வேண்டும், அந்தத் தோட்டா லிப்ஸோடு அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தால் போல்ட் வேகம் இழந்து முழுதாக மூடாமல் நிற்கும். ஐந்து நிரப்பியதும் முதல் தோட்டாவில் மட்டும் தகராறு, மற்ற நான்கும் சுகம் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். போட்டிக்கு வேண்டாம்.

பழையது நம்பிக்கைக்குரியதாகக்கூட இருக்கலாம். உடம்பு ஒரிஜினல், ஸ்பிரிங்கும் அதன் மேல் அமர்ந்து தோட்டாவை உயர்த்தும் ஃபாலோயரும் தேய்ந்தவை. ஸ்பிரிங்கை மாற்றினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுகிற வைத்தியம் மட்டும் வேண்டாம். கொஞ்ச நாள் நின்று மறுபடி பழைய நீளத்துக்கே அமர்ந்துவிடும், அதுவும் கோணலாக. பழையதை வாங்குமுன் லிப்ஸ் வளையும் அடி மூலையை லென்ஸ் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். முன்பு யாரோ பிளையரால் வளைத்து நிமிர்த்தியிருந்தால் அங்கே மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதிதாக வந்ததும் செய்ய வேண்டியவை

முதல் வேலை எண் போடுவது. அடித்தகட்டில் பெயின்ட் பேனாவால் 1, 2, 3, 4. இது இல்லாமல் கீழே சொல்லப்போகும் எதுவும் நடக்காது.

அடுத்து பிரித்தல். அடித்தகட்டின் பூட்டை மெல்லிய பஞ்ச் கம்பியால் அழுத்தி, தகட்டை நகர்த்துங்கள். கட்டைவிரலால் ஸ்பிரிங்கை மூடியபடியே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அது பறந்துபோய் அலமாரிக்கு அடியில் கிடக்கும். வெளியே எடுக்குமுன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே, கடைசிச் சுற்று எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். தலைகீழாகப் போட்டால் ஃபாலோயர் முன்பக்கம் தாழ்ந்து, மூக்குக் குத்தி நிற்கும் தோட்டாக்கள் வரிசையாக வரும். ரூகர் மார்க் மேகசினில் பக்கவாட்டுப் பட்டன் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் படத்தில் பிடியுங்கள். அதைப் பக்கம் மாற்றிப் போட முடியும், மாறினால் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் நிற்க வேண்டியது நிற்காது.

உள் ஓரங்களில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறும் இடம் பிசிறு. 600 நம்பர் நீர்த்தாளை (வாட்டர் பேப்பர்) ஐஸ் குச்சியில் சுற்றி லேசாகத் தடவி, பிறகு 1000 நம்பரால் வழவழப்பாக்கி, கடைசியில் பிராசோ போட்ட துணியால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். பிசிறு போகும் அளவுக்குத்தான். தகட்டின் கனம் குறையும் அளவுக்குத் தேய்த்தால் விடும் இடமே மாறிவிடும். தேய்த்த தூள் ஒரு பொட்டுகூட உள்ளே தங்கக் கூடாது.

பிறகு அளவு. லிப்ஸ் இடைவெளியைப் பின், நடு, முன் என்று மூன்று இடத்தில் வெர்னியரால் எடுத்து நோட்டில் எழுதுங்கள். எல்லாப் பிஸ்டலுக்கும் பொருந்துகிற ஒரே எண் என்று எதுவும் கிடையாது, அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். கூட்டைப் பிடித்து வைக்க வேண்டிய பின்பகுதியில் இடைவெளி 5.7-ஐ விடக் குறைவாகவும், தோட்டா மேலெழும்பி விடுபட வேண்டிய முன்பகுதியில் அதைவிட அதிகமாகவும் இருக்கும் என்பது மட்டும் பொது. உங்கள் நான்கில் எது தவறாமல் ஓடுகிறதோ அதன் அளவுதான் உங்களுக்கு வேதம். அதன் பின் இடைவெளியில் சரியாக நுழைகிற டிரில் பிட் தண்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டால் மற்றவற்றை நொடியில் ஒப்பிடலாம். 0.1 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, தண்டுக்குத் தெரியும்.

ஃபாலோயரை விரலால் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி அழுத்தி விடுங்கள். எங்கேயும் சிக்காமல் மேலே வர வேண்டும். ஸ்பிரிங் இல்லாமல் வெறும் ஃபாலோயரை உள்ளே போட்டு மேகசினைக் கவிழ்த்தால் தானாக வழுக்கி விழ வேண்டும்; பாதியில் நின்றால் பக்கச்சுவர் நசுங்கியிருக்கிறது அல்லது உள்ளே அழுக்கு.

எண்ணெய் போடலாமா என்றால், உள்ளே வேண்டாம். எண்ணெய் மெழுகையும் வெடிமருந்துத் தூளையும் பிடித்து வைத்துப் பசையாக்கும், தோட்டாவுக்குள் கசிந்தால் அது வெடிக்காமலும் போகலாம். ஸ்பிரிங்குக்கும் வெளிச்சுவருக்கும் மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, உடனே காய்ந்த துணியால் மறு துடைப்பு. மலையில் துருவுக்காக இது வேண்டியிருக்கிறது. சமவெளிக்காரர்கள் இதையும் விட்டுவிடலாம்.

நிரப்புவதிலும் பாதி தடங்கல் பிறக்கிறது. பக்கவாட்டுப் பட்டனை ஒரேயடியாகக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐந்தையும் உள்ளே கொட்டுகிற பழக்கம் ரிம் லாக்குக்கு அழைப்பு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு தோட்டா இடம் மட்டும் இறக்கி, ரிம்மைக் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் அமர்த்தி, பின்னால் நகர்த்துங்கள். பட்டனை மெதுவாக விடுங்கள். நிரப்பி முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டு. மேல் தோட்டாவின் மூக்கு ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் நிமிர்ந்து நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துவிட்டுச் செருகுங்கள். செருகியதும் கீழே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கேட்ச் மாட்டாத மேகசின் அந்த இடத்திலேயே கையோடு வந்துவிடும்.

இந்தச் சோதனை எதையும் வீட்டில் உண்மைத் தோட்டாவை வைத்துச் செய்யாதீர்கள். வெடிமருந்து இல்லாத டம்மித் தோட்டாவை வைத்து நிரப்பிப் பழகலாம், போல்டைக் கையால் இழுத்துவிட்டுப் பார்க்கலாம். மீதி ரேஞ்சில், குழல் இலக்கை நோக்கி.

என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

தடங்கல் வந்ததும் பிளையரைத் தேடுகிறவர்கள்தான் மேகசினைக் கெடுக்கிறார்கள். முதலில் நோட்டு. எந்த எண் மேகசின், எத்தனையாவது தோட்டா, தோட்டா எந்த நிலையில் நின்றது, தோட்டாப் பெட்டியில் உள்ள லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், காலையா நண்பகலா. நான்கைந்து வரி சேர்ந்தாலே ஒரு ஒழுங்கு தெரியும். ஒரே மேகசினில் திரும்பத் திரும்ப என்றால் அந்த மேகசின். எல்லா மேகசினிலும் என்றால் பிஸ்டல் அல்லது தோட்டா: காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், போல்ட் ஸ்பிரிங், அழுக்குச் சேம்பர். எந்த மேகசினாக இருந்தாலும் அதே எண்ணிக்கைத் தோட்டாவில் என்றால் நிரப்பும் கை அல்லது ஸ்பிரிங். காலையில் மட்டும் என்றால் குளிர்.

சாய்ந்து நின்ற தோட்டாவைத் தூக்கி எறியாமல் பாருங்கள். பார்ப்பதற்கு முன் விரல் டிரிகருக்கு வெளியே, மேகசின் வெளியே, போல்ட் திறந்து சேம்பர் காலி. ஊசி அடித்தும் வெடிக்காத தோட்டா என்றால் 30 விநாடி குழலை இலக்கை நோக்கியே பிடித்திருந்துவிட்டு அப்புறம் போல்டைத் திறங்கள். இப்போது ஈய மூக்கை லென்ஸுக்கு அடியில் திருப்புங்கள். ஈயம் மெத்தென்றது, எங்கே இடித்ததோ அங்கே பளபளவென்று ஒரு தட்டை விழுந்திருக்கும்.

தட்டை மூக்கின் அடிப்பக்கம் இருந்தால் தோட்டா தாழ்வாகப் போய், சேம்பருக்கு ஏறும் சரிவில் முட்டியிருக்கிறது. ஃபாலோயர் முன்பக்கம் சாய்கிறதா, ஸ்பிரிங் தலைகீழா, தளர்ந்ததா, மேகசினே தாழ்வாக அமர்கிறதா என்று பாருங்கள். கடைசியதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ரேஞ்சில் டம்மியை வைத்து, மேகசினின் அடியைக் கட்டைவிரலால் மேலே அழுத்திக்கொண்டு போல்டை விடுங்கள். அப்போது மட்டும் ஒழுங்காக ஏறினால் கேட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது மேகசினின் கேட்ச் ஓட்டை அகன்றிருக்கிறது. மற்ற மேகசின்களிலும் அப்படியே என்றால் கேட்ச். இதில் மட்டும் என்றால் ஓட்டை.

தட்டை மூக்கின் மேல்பக்கம், தோட்டாவும் வானம் பார்த்து நிற்கிறது என்றால் லிப்ஸ் சீக்கிரம் விட்டுவிட்டது. பின்பகுதி அகன்றிருக்கும். கீழே விழுந்த மேகசினில் இதுதான் அதிகம். கான்கிரீட் தரையில் தலைகீழாக விழுந்தால் ஒரு தடவை போதும். ஒரு பக்கம் மட்டும் தட்டை என்றால் இரண்டு லிப்ஸும் ஒரே உயரத்தில் இல்லை. மூக்கில் ஒன்றுமே இல்லாமல் பித்தளைக் கூட்டில் மட்டும் நீளமாக ஒரு கீறல் ஓடினால் பிசிறு பாக்கி இருக்கிறது, நீர்த்தாளுக்குத் திரும்புங்கள்.

போல்ட் தோட்டாவைத் தூக்காமல் அதன் மேலேயே தாண்டிப் போய் காலிச் சேம்பரில் மூடுகிறது என்பது இன்னொரு ரகம். இரண்டு காரணம்: தோட்டா நேரத்துக்கு மேலே வரவில்லை, அல்லது போல்ட் முழுதாகப் பின்னால் போகவில்லை. காலிக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். வழக்கமான தூரத்தில் தெறித்தால் போல்டுக்குக் குறை இல்லை, மேகசின் ஸ்பிரிங்கோ உள்ளே அழுக்கோ காரணம். கூடுகள் காலடியிலேயே சோர்ந்து விழுந்தால் தோட்டாவின் விசை போதவில்லை, அல்லது போல்ட் இறுகிய எண்ணெயில் ஓடுகிறது. மேகசினைக் குற்றம் சொல்லாதீர்கள்.

போல்ட் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மூடாமல் நிற்பதற்கு முதல் மருந்து சேம்பர் வாயைத் துடைப்பது. துடைத்ததும் சரியானால் மேகசின் நிரபராதி. சரியாகவில்லை என்றால் முன்பு சொன்ன முரட்டு ஸ்பிரிங், ரிம் லாக், லிப்ஸ் நெருக்கம் என்ற வரிசையில் பாருங்கள். நெருக்கமான லிப்ஸின் முன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெழுகும் ஈயமும் சீவிச் சுருண்டிருக்கும். தீக்குச்சியால் சுரண்டினால் வந்துவிடும். காலிக் கூடு வெளியேறாமல் நிற்பது பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டர் வழக்கு, இங்கே வேண்டாம்.

லிப்ஸை வளைத்தே ஆக வேண்டும் என்று நோட்டும் தண்டும் சேர்ந்து சொன்னால் மட்டும் வளையுங்கள். பல் இல்லாத பிளையர், வாயில் மெல்லிய தோல் துண்டு. வளைக்கும் இடத்துக்குள் தண்டை நுழைத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நெருங்காது. ஒரு தடவைக்கு 0.1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சரிசெய்து, அளந்து, டம்மியில் ஓட்டி, அப்புறம் மறுபக்கம். முன்னும் பின்னும் மாறி மாறி வளைத்தால் தகடு களைத்து விரிசல் விடும்.

மலையின் பங்கு

டிசம்பரில் குன்னூரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் என்ன ஆகிறதோ அதுதான் தோட்டா மெழுகுக்கும் ஆகிறது. ஊட்டியில் உறைபனி விழும் காலையில் பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவை நகத்தால் கீறினால் மெழுகு செதில் செதிலாக வரும். நண்பகலில் அதே தோட்டா விரலில் பிசுபிசுக்கும். காலையில் உராய்வு அதிகம், குளிரில் வெடிமருந்தின் வேகமும் கொஞ்சம் குறைவு, போல்ட் எண்ணெயும் கெட்டி. மூன்றும் ஒரே திசையில் இழுக்கும்போது ஓரத்தில் நிற்கிற மேகசின் விழுந்துவிடுகிறது. சமவெளியில் வருஷக்கணக்காக ஓடிய மாற்று மேகசின் இங்கே முதல் வாரமே கைவிடுவது இதனால்தான். ஒரிஜினலுக்கு இந்த இடத்தில்தான் பணம் தகும்.

தோட்டாப் பெட்டியைக் குளிர்ந்த காரில் இரவெல்லாம் விடாதீர்கள். ரேஞ்சுக்குப் போகும்போது ஸ்வெட்டருக்கு உள்ளே இருக்கட்டும், அதுவே போதும். ஹீட்டர், அடுப்பு, வெயிலில் வைத்த டேஷ்போர்டு எதுவும் வேண்டாம். போல்டுக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு.

ஈரம் அடுத்த எதிரி. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். மேகசினைத் தோல் உறையில் வைத்தால் தோலில் பூஞ்சை, ஸ்பிரிங்கில் துரு. மாற்று மேகசின்களில் ஸ்பிரிங் கம்பிக்குப் பூச்சு இல்லாமல் வருவதுண்டு, ஒரு மழைக்காலத்திலேயே காவி நிறம் காட்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மேகசின் ஒவ்வொன்றுக்கும் ஃபோமில் தனிக் குழி. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் லிப்ஸுக்குத்தான் சேதம். போட்டிக்கு மலை இறங்கும்போது இன்னொன்று. பதினான்கு கொண்டை ஊசி வளைவு தாண்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் குளிர்ந்த பெட்டியைத் திறந்தால் உலோகத்தில் வேர்த்துவிடும். கோவை போய்ச் சேர்ந்து, பெட்டி வெளிச்சூட்டுக்கு வரும் வரை, அரை மணியாவது, மூடியே இருக்கட்டும்.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் லிப்ஸைத் துணியால் துடைப்பது, 500 தோட்டாவுக்கு ஒருமுறை பிரித்துக் கழுவுவது, இது போதும். மண்ணெண்ணெய் படலம் விட்டுவிட்டுப் போகும். பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். ஊட்டியில் தெருவுக்குத் தெரு விற்கும் நீலகிரித் தைலம் பசையை நன்றாகவே கரைக்கிறது, மணமும் பிரமாதம். ஆனால் சில பிளாஸ்டிக்கை அது மிருதுவாக்கிவிடும், ஃபாலோயர் பிளாஸ்டிக் என்றால் அதில் படக் கூடாது. வெறும் தகட்டு உடம்புக்குப் போட்டாலும் பிறகு ஆல்கஹாலில் துடைத்து எடுங்கள், பிசுக்கு மிஞ்சும்.

வாங்கும்போது

கடையிலேயே வெர்னியரும் தண்டும் வைத்துப் பார்க்கிற ஆளைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும். பிஸ்டலின் மாடலும் தயாரிப்பு வரிசையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே பெயரில் பழைய, புதிய வடிவம் இரண்டும் இருக்கும், மேகசின் மாறிப்போகும். நான்கு மேகசினோடு உபரி ஸ்பிரிங் இரண்டும் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். பிறகு ஸ்பிரிங் மட்டும் தனியாக வரவழைப்பது பெரும்பாடு.

வந்த ஒவ்வொன்றையும் இருபது முறை நிரப்பிச் சுட வேண்டும், அதாவது 100 தோட்டா. அதில் பாதியாவது விடிந்ததும் விடியாததுமான குளிரில். போட்டியில் எந்தத் தோட்டாவோ அதே தோட்டா. இடையில் ஒரு தடங்கல் வந்து, காரணம் கண்டு சரிசெய்தால், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. தேறியது போட்டிப் பைக்கு, தேறாதது பயிற்சிக்கு. விரிசல் விட்டதைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளாமல், ஸ்பிரிங்கையும் ஃபாலோயரையும் கழற்றிக்கொண்டு, லிப்ஸைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுப் பழைய இரும்போடு போடுங்கள். இல்லாவிட்டால் எண் அழிந்த அந்த மேகசின்தான் போட்டியன்று அவசரத்தில் கையில் அகப்படும்.